வானம் மாற்றும் கலை

விற்பனைக்கு வரும் வீடுகளின் புகைப்படங்களில் மண்ணைப் பார்க்க முடிவதில்லை. ஹால் இருக்கும். சமையலறை மேடையின் பளபளப்பு இருக்கும். கட்டில்மேல் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, மொட்டை மாடிக்கு மேலே நீல வானம், எல்லாம் இருக்கும். அந்த வீடு எதன்மேல் நிற்கிறது என்பது மட்டும் இருக்காது. வேறு ஊர்களில் இதை ஒரு குறை என்று சொல்லிவிட்டுப் போகலாம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், எங்கள் நாகலாபுரம் என்று விரிந்து கிடக்கும் கரிசல் பூமியில் இதை மோசடி என்றுதான் சொல்ல வேண்டும்.

கி.ரா.வையும் பூமணியையும் படித்தவர்களுக்குக் கரிசலை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் படித்தது விவசாயியின் கரிசல். நான் இருபது வருஷமாகக் கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன். எனக்குத் தெரிந்தது கொத்தனாரின் கரிசல். மழைத் தண்ணீரைக் குடித்தால் ஊதும், வெயிலில் காய்ந்தால் சுருங்கும். சித்திரை வைகாசியில் நிலத்து வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அதன்மேல் மூன்றடி ஆழத்தில் அஸ்திவாரம் போட்டு வீட்டை ஏற்றிவிட்டால், வருஷா வருஷம் வீடும் கூடவே ஏறி இறங்கும். எல்லா மூலையும் ஒரே அளவாக ஏறி இறங்கினால் பரவாயில்லை. குளியலறைத் தண்ணீர் இறங்கும் மூலை ஒரு மாதிரி, வெயில் அறையும் மேற்குச் சுவர் வேறு மாதிரி. அதனால்தான் ஜன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக விரிசல் ஓடுகிறது. ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே அடியில் குமிழ் போலப் பருத்த கான்கிரீட் தூண்களை உருவாக்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எங்கள் கொத்தனார்கள் அதற்கும் முந்தியே, கறுப்பு மண் தீர்ந்து சுக்கானோ சரளையோ தட்டுப்படும்வரை தோண்டச் சொல்வார்கள். அந்தப் பள்ளத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வானம். ‘வானம் எத்தனை அடி?’ என்பதுதான் இந்தப் பக்கம் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

படக்காரர்கள் வேறு வானத்தைக் கவனித்துக்கொள்கிறார்கள். 2020 அக்டோபரில் வந்த போட்டோஷாப் பதிப்பில் வானத்தை மாற்ற ஒரு தனி வசதியே சேர்த்தார்கள். வெளுத்துப்போன நம் வெயில் வானத்தை எடுத்துவிட்டு, பஞ்சு மேகம் மிதக்கும் நீல வானத்தை ஒட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்தபின் காலி அறையில் சோபா முளைக்கிறது, வேலியோரச் சீமைக்கருவேல் மறைகிறது, செம்மண்கூடப் போடாத முற்றத்தில் புல்தரை விரிகிறது. பத்துக்குப் பத்து அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்று, 16 எம்எம் லென்ஸில் எடுத்தால் எதிர்ச்சுவர் தூரமாகப் போய்விடும், அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். செங்குத்துக் கோடுகளை நிமிர்த்தும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. லென்ஸால் சாய்ந்து தெரியும் சுவரை நிமிர்த்தத்தான் அது. உண்மையிலேயே சாய்ந்திருக்கும் சுவரையும் அது நிமிர்த்திவிடும். கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துச் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டர் இருந்த இடத்திலேயே செய்து முடித்துவிடுகிறது.

இதெல்லாம் அழகுக்காகத்தானே என்பார்கள். எனக்கு அழகோடு சண்டையில்லை. ஜூலியஸ் ஷுல்மன் என்ற அமெரிக்கர் 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மலைவிளிம்பில் ஒரு கண்ணாடி வீட்டை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. முன்பக்கம் வெறுமையாக இருந்தால் மரக்கிளையை வெட்டிக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் நிறுத்தும் பழக்கமும் அவருக்கு உண்டு. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களும் சளைத்தவர்களா என்ன? பெண் பார்க்க அனுப்பும் படத்தின் நெகடிவில் கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை அழித்தவர்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்தார்கள், பெண்ணைப் பார்த்துப் பேசினார்கள். படம் ஓர் அழைப்பு, அவ்வளவுதான். வீட்டுப் படம் இன்று அழைப்பாக இல்லை. படம் வந்த இரண்டாம் நாள் அட்வான்ஸ் போய்விடுகிறது.

யார் அனுப்புகிறார்கள்? இந்தச் சீமையில் பிறந்து, மழையில்லாமல் பிழைப்பில்லாமல் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள். ஊரில் ஒரு வீடு வேண்டும், பிள்ளைகள் படிக்கக் கோவில்பட்டியாக இருந்தால் நல்லது. லீவு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. என் அக்கா மகன் ஷார்ஜாவிலிருந்து ஒருநாள் இருபத்திரண்டு படங்களை வாட்ஸப்பில் தள்ளினான். “மாமா, இதப் பாத்துச் சொல்லுங்க. வீடு எப்படி?” படத்துல வீடு நல்லாத்தான் இருக்கு மாப்ள, நேர்ல பாத்துட்டுச் சொல்லுதேன் என்றேன். போனேன். வாசற்படிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. படத்தில் அந்த இடத்தில் பூந்தொட்டி இருந்தது. பின்பக்கச் சுவருக்கு இருபத்திரண்டில் ஒரு படம்கூட இல்லை. ஏன் என்று அங்கே போனதும் தெரிந்தது. உள்ளே எல்லா அறையிலும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த வாசனை போகவில்லை. போரில் தண்ணீர் வந்தது, வாயில் வைத்துப் பார்த்தேன், கடலுக்குப் பக்கத்துத் தண்ணீர் போல உப்பு. படத்தில் அந்தக் குழாய் வெள்ளியாக மின்னியது. நான் போனில் கூப்பிடுவதற்குள் அவன் ஒரு லட்சம் அனுப்பியிருந்தான். அது திரும்பி வரவில்லை. ஷார்ஜா வெயிலில் அவன் எத்தனை மாதம் நின்ற காசு அது என்பதைப் படம் எடுத்தவர் யோசித்திருக்கப்போவதில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு தம்பி கோவில்பட்டியில் இந்த வேலை செய்கிறார். திறமைசாலி. அவரிடம் கேட்டதற்கு, “அண்ணாச்சி, நான் படம் எடுக்கேன். சர்வே எடுக்கல” என்றார். கச்சிதமான பதில்தான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் மாவட்டம் மூழ்கியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இதே கேமராக்கள் என்ன செய்தன? இடிந்த சுவரை, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை, நனைந்த நெல் மூட்டையை எடுத்தன. நிவாரணத்துக்கு விண்ணப்பித்தவர்கள் அந்தப் படங்களைத்தான் நீட்டினார்கள். அப்போது அது சாட்சி. அப்போது வானத்தை மாற்றும்படி யாரும் கேட்கவில்லை. சுவரின் கறை நஷ்டஈடு கேட்கும்போது தெரிய வேண்டும், விற்கும்போது தெரியக்கூடாது என்றால் அந்தத் தம்பி எடுப்பது சர்வேதான். அதில் யாருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதை மட்டும் காசு தீர்மானிக்கிறது.

அரசுக்கு இது புரியாமல் இல்லை. காலி மனையைப் பத்திரம் பதியும்போது, இடத்தின் புவியிடக் குறிப்போடு எடுத்த புகைப்படத்தை ஆவணத்தில் இணைக்க வேண்டும் என்று 2023 அக்டோபர் 1 முதல் தமிழ்நாடு பதிவுத்துறை வைத்திருக்கிறது. வீடு கட்டிய இடத்தைக் காலி மனை என்று காட்டி வருமானத்தைக் குறைத்தார்கள், அதற்காக. ஆக, புகைப்படம் உண்மை பேச வேண்டும் என்று அரசு தன் கஜானாவுக்காகக் கேட்கிறது. வாங்குகிறவனுக்காகக் கேட்கவில்லை. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவு, பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அது மனை போட்டு, அடுக்குமாடி கட்டி விற்பவர்களுக்கு. ஒரு தனி ஆள் தன் பழைய வீட்டை விற்கும்போது அது துணைக்கு வராது. அங்கே 1882-ன் சொத்து மாற்றுச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறை இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 55-வது பிரிவு. சாதாரணக் கவனம்! ஷார்ஜாவில் ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போன் திரையைப் பார்ப்பவனின் கவனம் எதில் சேர்த்தி?

கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல், வீடு விற்கும் படத்தைக் கணினியில் மாற்றியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும், மாற்றாத மூலப்படத்தையும் பார்க்கக் கொடுக்க வேண்டும். நமக்கு அது போதாது என்பேன். இங்கே கணினியைத் தொடாமலே பொய் சொல்லலாம், மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் ஊதி வெடிப்பெல்லாம் மூடிவிடும். மார்கழி தையில் சுற்றிலும் உளுந்தும் கம்பும் மல்லியும் பச்சை கட்டி நிற்கும். அப்போது எடுத்த படத்தில் ஒரு திருத்தமும் தேவையில்லை. நாகலாபுரமே தஞ்சாவூர் மாதிரி இருக்கும். அந்தப் படத்தைத்தான் அடுத்த ஆவணி வரை ஓட்டுகிறார்கள். அதனால் எனக்கு முதலில் வேண்டியது படம் எடுத்த தேதி. பிறகு வெளிச்சுவரின் நான்கு மூலையும், தரையும் சுவரும் சேரும் இடம் தெரியும்படி. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்த படம் ஒன்று. தண்ணீர் உப்பா என்று படத்தில் தெரியாது, ஆனால் ஒரு வாரம் வைத்தால் டம்ளரில் படியும் வெள்ளைப் படிவு தெரியும். வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை நடந்துபோய் ஒரு படம், அகல லென்ஸ் இல்லாமல். ‘மெயின் ரோட்டிலிருந்து இரண்டு நிமிடம்’ என்பது எந்த வண்டியில் என்று அப்போது விளங்கும்.

இதையெல்லாம் அந்தக் கோவில்பட்டித் தம்பியிடம் சொன்னேன். “இதுக்கு யாரு அண்ணாச்சி காசு கொடுப்பா? விக்கிறவரு கொடுக்க மாட்டாரு.” உண்மைதான். வாங்குகிறவர் கொடுக்கலாமே தம்பி என்றேன். லட்சத்தைத் தொலைத்தவன் ஆயிரம் ரூபாய் கொடுக்க மாட்டானா? கொஞ்ச நேரம் யோசித்தார். மூலைக்கு ஒன்றாக நான்கு, வாசல், குழாய், ரோடு, ஆக ஏழு படம், திருத்தம் எதுவும் இல்லை, அரை மணி நேர வேலை என்று கணக்குப் போட்டார். பெட்ரோல் காசு தனி என்றார். நம்பரைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் அழைத்திருக்கிறார்கள், ஒருவர் தோஹாவிலிருந்து.