'ஒரு ட்யூப் குடுங்க...' படர்தாமரை ஏன் போன மாதிரி போய் திரும்பி வருது?

தொடை இடுக்கில் அரிப்பு. இடுப்பைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிவப்பு. மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஏதாவது குடுங்க' என்றால் ஒரு ட்யூப் வரும். ரெண்டே நாளில் அரிப்பு போயே போச்சு. மூன்றாவது வாரம் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிய வட்டம். இந்தக் கதை உங்களுக்கோ, உங்க வீட்டில் யாருக்கோ கண்டிப்பாக நடந்திருக்கும்.

'சுத்தமா இருங்க, தண்ணி நிறைய குடிங்க' என்று இதற்கு அட்வைஸ் சொல்வது சுலபம். ஆனால், சிக்கல் நம்ம சுத்தத்தில் மட்டும் இல்லை. அந்த ட்யூபுக்குள்ளும் இருக்கிறது.

அந்த க்ரீமில் என்ன இருக்கு?

கடைகளில் கேட்காமலேயே கிடைக்கும் பல க்ரீம்கள் கூட்டு மருந்துகள். பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்குவது இந்த ஸ்டீராய்டுதான். அது எப்படி அடக்குகிறது? அந்த இடத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தியையே தூங்க வைத்து. படர்தாமரை என்பது பூஞ்சைத் தொற்று. காவலாளி தூங்கிவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? வெளியே ஆறியது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். நாளாக ஆக வட்டத்தின் வடிவமே மாறிவிடுவதால், டாக்டருக்கே அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும்.

வீரியமான ஸ்டீராய்டை நீண்ட நாள் தடவினால் தோல் மெலியும், வரிவரியாகத் தழும்பு விழும். முகத்தில் என்றால் இன்னும் மோசம்: பரு, முடி வளர்ச்சி, வெயில் பட்டாலே எரிச்சல். 'கலர் வரும்' என்று நண்பர்கள் கைகாட்டும் சில க்ரீம்களிலும் ஹைட்ரோகுயினோனோடு மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். அவை மங்குக்கு டாக்டர் மேற்பார்வையில் கொஞ்ச நாள் போடும் மருந்துகள். தினசரி ஃபேஸ் க்ரீம் கிடையாது.

சுவாமிமலையிலிருந்து பார்த்தால்...

தோல் மருத்துவரின் முதல் அறிவுரை 'ஈரமில்லாமல் வச்சுக்கோங்க' என்பதுதான். நியாயமானதும்கூட. ஆனால், சுவாமிமலையில் அதைச் சொல்லிப் பாருங்கள். ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறையில், காவிரி வண்டல் மண்ணால் செய்த அச்சுக்கு முன்னால், உருகிய உலோகத்தின் வெப்பத்தில் நிற்பவருக்கு வியர்வை நிற்காது. சுற்றிலும் வயல். நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும் பெண்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண். அவர்களுக்கு ஈரம்தான் வேலை.

அவர்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போவதைக் குறை சொல்லவும் முடியாது. கும்பகோணம் அரசு மருத்துவமனை பக்கம்தான். ஆனாலும் போய், வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். தெருமுனைக் கடையில் ஐந்து நிமிஷ வேலை. ஆபீஸில் லீவு கேட்கத் தயங்கி ஆன்லைனில் க்ரீம் ஆர்டர் போடும் நாமும் அதே கணக்கைத்தானே போடுகிறோம்?

சட்டம் இருக்கு, ஆனா...

2018 மார்ச்சில் மத்திய அரசு, தோலில் தடவும் 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டு கலந்த சில தோல் க்ரீம்களும் அதில் அடக்கம். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்காகத் தனிக் குழுவே அமைத்துப் பல வருடம் குரல் கொடுத்தது. இருந்தும் கவுன்டரில் சீட்டு கேட்கும் கடைகள் எத்தனை?

இதற்கிடையில் பூஞ்சையும் சும்மா இல்லை. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த நோயாளிகளிடம் கண்ட ஒரு பூஞ்சைக்கு 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டின் பெயரே அதில் இருக்கிறது. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு இது பல நேரம் மசிவதில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது இருந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது.

அப்போ என்னதான் செய்யணும்?

* எந்த க்ரீம் வாங்கினாலும் ட்யூபின் பின்பக்கம் படியுங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால், டாக்டர் சொல்லாமல் தொடாதீங்க.
* பூஞ்சை க்ரீமை வட்டத்தின் மேல் மட்டும் தடவினால் போதாது. ஓரத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை தடவணும். அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், டாக்டர் சொன்ன நாள் வரை போடணும்.
* துண்டு, உள்ளாடையைப் பகிர வேண்டாம். துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்க. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவங்களுக்கும் சேர்த்தே சிகிச்சை.
* வேலை முடிந்ததும் கால் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்க. சர்க்கரை நோய் இருப்பவர்கள் சேற்றுப்புண்ணை அலட்சியம் செய்யவே கூடாது. சின்ன வெடிப்பு வழியே பெரிய தொற்று ஏறும்.
* மாசக்கணக்கில் முகத்தில் ஸ்டீராய்டு போட்டவர்கள் தானாக முடிவெடுக்காமல் டாக்டரிடம் போங்க. நிறுத்தும்போது சிவப்பும் எரிச்சலும் கூடலாம். அதற்குப் பயந்து மறுபடி அதே ட்யூபுக்குப் போவதுதான் பொறி.

யாருடைய பொறுப்பு?

'சீட்டு இல்லாமல் விற்றால் நடவடிக்கை' என்று மட்டும் சொன்னால், கூலி வேலைக்குப் போகிறவர் சிகிச்சையே இல்லாமல் நிற்பார். கடையைக் கட்டுப்படுத்தும் அதே கையால் டாக்டரையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் தோல் மருத்துவர், ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் க்ரீம் எப்போதும் இருப்பு. இது பெரிய செலவு இல்லை. க்ளோட்ரிமசோல் ஏற்கெனவே தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பதுதான்.

பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டைச் சேர்த்து ஒரே ட்யூபில் விற்பதற்கு மருத்துவக் காரணத்தைவிட வியாபாரக் காரணமே அதிகம். சீக்கிரம் அடங்கும் அரிப்பு, சீக்கிரம் திரும்பி வரும் கஸ்டமர். மிச்சமிருக்கும் அந்தக் கூட்டு க்ரீம்களையும் தடை செய்வதே நேரான வழி. அதுவரை, கடைக்காரர் எடுத்து நீட்டும் ட்யூபைத் திருப்பிப் பார்க்கும் வேலை நம்மளோடது.