கழிவுநீர் நிலையங்களை இயக்குவோருக்கு அரசுத் தகுதிச் சான்று வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

சாயப்பட்டறை, தோல் பதனிடும் தொழிற்சாலை, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு, நகராட்சி என எங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தாலும், அதை இயக்குபவர் அரசு வழங்கும் தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். சான்று பெறாதவரின் பொறுப்பில் நிலையத்தை ஓட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இடம் கொடுக்கக் கூடாது. சுற்றுச்சூழல் பொறியாளர்கள், ஆய்வகப் பகுப்பாய்வாளர்கள், நிலைய ஆபரேட்டர்கள், இத்துறை ஆசிரியர்கள் ஆகியோர் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். சுற்றுச்சூழல் படித்தால் வேலை கிடைக்குமா என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குப் பெயரும் இல்லை, படிநிலையும் இல்லை, தக்க சம்பளமும் இல்லை. அதனால்தான் சான்று, வேலை என்ற இரண்டையும் சேர்த்தே பேசுகிறோம்.

ஒரு பட்டறையில் கொதிகலன் இருந்தால் அதை ஓட்டச் சான்று பெற்ற ஆள் வேண்டும். 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்தை ஒட்டி வந்த இந்த வழக்கத்தை எந்த முதலாளியும் கேள்வி கேட்பதில்லை. மின் வேலை செய்பவருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். அதே வளாகத்தில் நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் சாயக்கழிவைக் கையாளும் நிலையத்துக்கு மட்டும் அப்படி ஒரு விதி இல்லை. வேறு வேலைக்கு வந்தவரை அங்கே நிறுத்திவிட்டு, எந்த வால்வை எப்போது திறப்பது என்று இரண்டு நாள் காட்டிக்கொடுத்தால் போதும் என்ற நிலை பரவலாக இருக்கிறது. அப்படி நிற்கும் தொழிலாளி மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கற்றுக்கொடுக்காமல் அவரை அங்கே இறக்கிவிட்ட ஏற்பாட்டைத்தான் நாங்கள் ஏற்க மறுக்கிறோம்.

இந்த ஏற்பாட்டின் விலையைத் தமிழகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகள் குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. நொய்யல் உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கின் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனதை ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. மூடச் சொன்ன அந்த உத்தரவுக்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்குத் திருப்பூர் மாறியது. ஆர்ஓ, எவாப்பரேட்டர் என்று பெரும் பணம் செலவிட்டு இயந்திரங்கள் வந்தன. ஆனால் அவற்றை ஓட்டும் ஆளை உருவாக்க அந்த அளவுக்கு யாரும் அக்கறை காட்டவில்லை.

ஆபரேட்டரின் திறமைக்கு என்ன மதிப்பு என்பதை அந்த நிலையத்துக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். சாயக்கழிவு சூடாகவும் காரமாகவும் வருகிறது. உப்பு லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். முதலில் சமன்படுத்தும் தொட்டி, அடுத்து நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும் ஏரேஷன் தொட்டி, பிறகு தெளிவிக்கும் தொட்டி, வடிகட்டிகள், ஆர்ஓ மெம்பரேன், கடைசியில் எவாப்பரேட்டர். மின் கட்டணம் மிச்சமாகட்டும் என்று இரவு ஷிப்டில் யாரோ ஏரேஷன் தொட்டிக்குக் காற்று தரும் ப்ளோயரை நான்கு மணி நேரம் நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் தீர்கிறது. நுண்ணுயிர்கள் சோர்கின்றன, கசடு அடியில் படிய மறுக்கிறது. தின்னப்படாத கரிமப் பொருள் அடுத்தடுத்த கட்டங்களைத் தாண்டி மெம்பரேன் மீது படிகிறது. ஆர்ஓ குறைவான நல்ல நீரையும் ரிஜெக்ட் எனப்படும் உப்புக் கழிவைக் கூடுதலாகவும் தருகிறது. அந்தக் கூடுதல் ரிஜெக்டைக் காய்ச்சக் கூடுதல் நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். மிச்சம் பிடித்த மின்சாரத்தின் மதிப்பைப் போல் பல மடங்கு எரிபொருளிலும் மெம்பரேன் கழுவும் ரசாயனத்திலும் போய்விடும். ரிஜெக்டைச் சேர்த்து வைக்க இடமில்லாமல் போனால், யாரும் பார்க்காத நேரத்தில் அது ஓடைக்குத்தான் போகும். இந்தச் சங்கிலி முழுவதையும் மனக்கண்ணில் பார்க்கத் தெரிந்தவர் ப்ளோயரை நிறுத்த விடமாட்டார்.

அந்தப் பார்வை புத்தகத்தால் மட்டும் வராது. ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் ஏரேஷன் தொட்டி நீரை எடுத்து வைத்து, 30 நிமிடத்தில் கசடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது இத்துறையின் மிக எளிய சோதனை. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தினமும் ஒரே நேரத்தில் செய்து எழுதி வைத்திருப்பவருக்கு, நிலையம் கெடப்போவது பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். தொட்டியில் சோப்பு நுரை போல வெள்ளையாகப் பொங்கினால் கசடு இளசு. தடித்த பழுப்பு நுரை மிதந்தால் கசடு முதிர்ந்துவிட்டது. புதிதாகத் தொடங்கும் தொட்டிக்குச் சாணிக்கரைசலும் யூரியாவும் எவ்வளவு விடுவது என்பது தொடங்கி, பம்பின் சத்தம் மாறினால் எங்கே காற்று இழுக்கிறது என்பது வரை அனுபவ ஆபரேட்டர்களுக்குத் தெரியும். நீரில் உள்ள கரிம மாசைக் காட்டும் பிஓடி சோதனையின் முடிவு வர இங்கே மூன்று நாள் ஆகிறது. பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் முடிவு கைக்கு வரும்போது அந்த நீர் எப்போதோ போய்விட்டது. இன்றைக்கு நீர் நன்றாக இருக்கிறதா என்பதைத் தொட்டியருகே நிற்பவர்தான் சொல்ல முடியும்.

உயிர்களும் இதில் பணயமாக இருக்கின்றன. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் கசடில் மூழ்கி இறந்தார்கள். ஒரு தொட்டி எவ்வளவு தாங்கும், அதில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கணக்கு வைப்பதும், தாண்டிவிட்டால் நிறுத்து என்று சொல்வதும் ஒருவரின் வேலையாக இருந்தாக வேண்டும். விஷவாயுவும் அப்படித்தான். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பது பலருக்குத் தெரியும். அது பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும் என்பது தெரியாதவர்கள்தான் தொட்டிக்குள் இறங்குகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற இறங்குபவர்களும் சேர்ந்து சாகிறார்கள். வாயு அளக்கும் கருவி இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது என்று தடுக்கும் அதிகாரம், சான்று பெற்ற ஆபரேட்டருக்குச் சட்டப்படி இருக்க வேண்டும்.

இனி, படிக்கும் பிள்ளைகளுக்கு. அரசுப் பணி என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிகள் உடனே நினைவுக்கு வரும். நல்ல பதவிகள்தாம், ஆனால் அந்த இடங்கள் மிகக் குறைவு. அவற்றுக்காகவே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம் என்பது எங்கள் அறிவுரை. சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் வீட்டுக் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு நிலையமும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீர் குடிநீராகிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகள் பலவற்றில் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பை மேட்டைத் தோண்டிப் பிரிக்கும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்குத் தொடர் கண்காணிப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியதிலிருந்து, அந்தச் சென்சார்களை அளவு திருத்தத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது.

அலுவலகப் பணிகளும் பெருகியிருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தயாரிப்பது, செபி விதிப்படி முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்கள் தரவேண்டிய நிலைத்தன்மை அறிக்கை, ஐரோப்பாவுக்கு இரும்பும் அலுமினியமும் அனுப்புவோருக்கான கரிமக் கணக்கு எனப் பல. இவற்றுக்குப் போக விரும்புவோரையும் நாங்கள் தடுக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளாவது ஒரு நிலையத்திலோ ஆய்வகத்திலோ வேலை பார்த்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறோம். உள்ளே வந்த உப்பு எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, மீதி எங்கே என்று கணக்குப் போடத் தெரியாதவர் எழுதும் கரிமக் கணக்கும் காகிதமாகத்தான் இருக்கும்.

கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். பட்டப்படிப்பில் தொட்டியின் நீள அகலத்தைக் கணக்கிடக் கற்றுத்தருகிறோம். கட்டிய தொட்டி ஓடாமல் போனால் என்ன செய்வது என்று கற்றுத்தருவது அரிது. நான்கு ஆண்டுகளில் ஒரு முழுப் பருவம் இயங்கும் நிலையத்தில் கழிய வேண்டும், அதில் இரவு ஷிப்டும் அடங்க வேண்டும். பம்பைக் கழற்றி மாட்டவும், மின் பேனலைப் படிக்கவும், ரசாயன ஆக்சிஜன் தேவையைக் காணும் சிஓடி சோதனையைத் தன் கையால் செய்யவும், அன்றைய நிலவரத்தைத் தெளிவான தமிழில் பதிவேட்டில் எழுதவும் மாணவர் பழக வேண்டும். பெண்களை ஆய்வக மேசையோடு நிறுத்திவிடும் வழக்கமும் போக வேண்டும். நிலையப் பொறுப்பு கேட்கும் பெண்களுக்குப் பாதுகாப்பான போக்குவரத்தும் ஓய்வறையும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

எங்கள் கோரிக்கைக்கு எதிர்ப்பு உண்டு என்பது தெரியும். சிறு பட்டறைகளால் சம்பளம் கொடுக்க முடியாது என்கிறார்கள். அதற்காகத்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. தனி நிலையம் வைத்திருக்கும் சிறு பட்டறைகள் மூன்று நான்காகச் சேர்ந்து ஒரு மேற்பார்வையாளரை வைத்துக்கொள்ள விதியில் இடம் தரலாம். பல ஆண்டுகளாக நிலையத்தை நன்றாக ஓட்டிவரும், அதிகம் படிக்காத ஆபரேட்டர்களின் பிழைப்பு என்னாகும் என்பது இன்னும் கனமான கேள்வி. எங்கள் சங்கத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இளம் பொறியாளர்கள் அவர்களிடமிருந்துதான் கற்கிறார்கள். எனவே தேர்வு தமிழில் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் நிலையத்திலேயே நேரில் செய்துகாட்டும் தேர்வாக அமைய வேண்டும். அனுபவம் உள்ளவர்களிடம் பட்டத்தைக் கேட்கக் கூடாது. அவர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் இலவசப் பயிற்சியும் தர வேண்டும். சான்று காசுக்கு விற்கப்படும் என்ற அச்சத்தையும் நாங்கள் ஒதுக்கவில்லை. தேர்வு நடத்தும் குழுவில் வேறு மாவட்டத்து ஆபரேட்டர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் இருப்பதும், தேர்ச்சிப் பட்டியலைப் பொதுவில் வெளியிடுவதும் அதைக் குறைக்கும்.

மினமாட்டா, யொக்கைச்சி ஆகிய ஊர்களில் தொழிற்சாலை மாசால் மக்கள் நோயுற்றதைக் கண்ட ஜப்பான், 1971-லேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட தொழிற்சாலைகள் தேசியத் தகுதி பெற்ற மாசுக் கட்டுப்பாட்டு மேலாளரை வைத்தே தீரவேண்டும். தமிழ்நாடு புதிய சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி வாரியம் தரும் இசைவாணையில் நிபந்தனைகள் விதிக்க இடம் இருக்கிறது. சான்று பெற்ற ஆபரேட்டர் பெயரை அதில் குறிப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். பெரிய நிலையங்களில் தொடங்கி, படிப்படியாகக் கீழே கொண்டுவரலாம்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறோம். அதிகாரம் இல்லாத சான்று ஆபரேட்டரைப் பலியாடாக்கிவிடும். ஆணையிட்டவர் தப்பித்து, வால்வைத் திறந்தவர் மாட்டிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு நாங்கள் உடன்பட மாட்டோம். சுத்திகரிக்காத நீரைத் திறந்துவிடச் சொன்னால் மறுக்கவும், சொன்னவர் பெயரைப் பதிவேட்டில் எழுதவும் அவருக்கு உரிமை வேண்டும். அப்படி எழுதியதற்காக வேலையிலிருந்து நீக்கினால் நிலையத்தின் இசைவாணை கேள்விக்குள்ளாக வேண்டும். ஊதியம் அதே ஆலையின் பாய்லர் ஆபரேட்டர் ஊதியத்துக்குக் குறையக் கூடாது.

எங்கள் பங்குக்கு மூன்று பொறுப்புகளை ஏற்கிறோம். உறுப்பினர்கள் பொறுப்பு வகிக்கும் நிலையங்களில், நிர்வாகத்தின் ஒப்புதலோடு, மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வோம். மாதிரி வினாத்தாளையும் செய்முறைக் கையேட்டையும் தமிழில் தயாரித்து வாரியத்திடம் ஒப்படைப்போம். தானே எடுக்காத அளவீட்டுக்கு எங்கள் உறுப்பினர் எவரும் கையெழுத்திட மாட்டார். இட்டதாகத் தெரியவந்தால் விசாரித்து உறுப்பினர் நிலையிலிருந்து நீக்குவோம்.