தடயத்தோடு ஐயத்தையும் பகிர்வோம்

2004 மார்ச் 11 காலை, ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் புறநகர் ரயில்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 190-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அல்காலா தெ எனாரெஸ் ரயில் நிலையத்துக்கு அருகில் நின்றிருந்த ஒரு வேனில், டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பை கிடைத்தது. அதன் மீது பதிந்திருந்த கைரேகையின் படத்தை ஸ்பெயின் காவல் துறை, இன்டர்போல் வழியாக அமெரிக்காவின் எஃப்பிஐ-க்கு அனுப்பியது. இரு நாட்டுத் தடயவியல் துறைகளும் கைகோத்த முன்மாதிரி நிகழ்வாக அது வரலாற்றில் பதிந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு.

எஃப்பிஐ-யின் கணினி, கோடிக்கணக்கான பதிவுகளில் தேடி, நெருக்கமாகத் தோன்றிய 20 பேரின் ரேகைகளை எடுத்துக் கொடுத்தது. அவற்றில் ஒன்று ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞருடையது. பை மீதிருந்த ரேகை அவருடையதே என்று அனுபவம் வாய்ந்த நிபுணர்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக உறுதிசெய்தனர். ஏப்ரல் 13 அன்று ஸ்பெயின் நிபுணர்களிடமிருந்து பதில் வந்தது: பொருந்தவில்லை. எஃப்பிஐ தன் முடிவைப் புதிதாகச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். மாறாக, தன் முடிவே சரி என்று விளக்குவதற்கு ஒரு நிபுணரை மாட்ரிட்டுக்கு அனுப்பியது. மே 6 அன்று வழக்கறிஞர் கைதுசெய்யப்பட்டார். மே 19 அன்று, அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் அறிவித்தது. மறுநாள் வழக்கறிஞர் விடுவிக்கப்பட்டார். எஃப்பிஐ வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது; 2006-ல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

ஸ்பெயின் தடயத்தைப் பகிர்ந்தது. அமெரிக்கா தரவுத்தளத்தைத் திறந்துவிட்டது. தகவல் தடையின்றிப் பாய்ந்தது. ஆனாலும், குற்றமற்ற ஒருவர் இரண்டு வாரங்கள் காவலில் இருந்தார். ஸ்பெயினின் மறுப்பைத் தன் பிழையை உணர்த்தும் எச்சரிக்கையாக எஃப்பிஐ எடுத்துக்கொள்ளாததுதான் காரணம். சரிபார்த்தவர்களுக்கு முதல் நிபுணரின் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த முடிவுக்கு ஏற்ற கோடுகளையே கண் தேடியது. அமெரிக்க நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2006-ல் வெளியிட்ட அறிக்கை இதை விரிவாகப் பதிவுசெய்தது. வழக்கறிஞர் இஸ்லாமியராக இருந்ததும் மறுபரிசீலனையைத் தாமதப்படுத்தியிருக்கலாம் என்றது அது.

மரபணுச் சோதனையும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007-ல் பெண் காவலர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் மரபணு, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலும் பல்வேறு குற்ற இடங்களில் பதிவாகியிருந்தது. கொலை முதல் சிறு திருட்டு வரை எல்லாவற்றிலும் அதே பெண். அவளைப் பற்றித் தகவல் தருவோருக்கு மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவிக்கப்பட்டது. 2009-ல்தான் உண்மை வெளிப்பட்டது. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளில், தயாரிப்பின்போதே ஒரு தொழிலாளியின் மரபணு படிந்திருந்தது. நாடுகள் தரவைப் பகிர்ந்த வேகம், அந்தப் பிழையை எல்லை தாண்டி வளர்த்தது. அதே நாடுகள் பிழையை மறைக்காமல் பேசியதால் பாடமும் பரவியது. மரபணு மாசு படியாத உபகரணங்களுக்கென ஐஎஸ்ஓ 18385 என்னும் உலகத் தரநிலை 2016-ல் வெளியானது.

பல நாட்டுத் தடயவியல் ஆய்வகங்களின் தலைவர்கள் கூடிப் பேசுவதன் உண்மையான பயன், இப்படிப் பிழையிலிருந்து பாடம் பரவுவதுதான். அதற்கான மேடைகள் இன்று பல இருக்கின்றன. இன்டர்போல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தடயவியல் மேலாளர்களுக்கான கருத்தரங்கை நடத்துகிறது. ஐரோப்பிய ஆய்வகங்களின் கூட்டமைப்பு 1995 முதலும், ஆசியத் தடயவியல் வலையமைப்பு 2008 முதலும் செயல்படுகின்றன. வசதி குறைந்த ஆய்வகமும் எட்டக்கூடிய குறைந்தபட்சத் தரங்கள் அங்கே வகுக்கப்படுகின்றன. இத்தகைய சந்திப்புகளில் புதிய கருவிகளும் வெற்றிக் கதைகளும் முன்வரிசையைப் பிடித்துக்கொள்வது இயல்பு. ஆனால், ஓர் ஆய்வகம் தன் தவறான முடிவை மேசைமீது வைத்து, 'இங்கே சறுக்கினோம்' என்று சொல்லும் அமர்வுதான் மற்ற நூறு ஆய்வகங்களைக் காப்பாற்றும். விமானப் போக்குவரத்து உலகம் விபத்து அறிக்கைகளை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கித்தான் பயணத்தைப் பாதுகாப்பாக்கியது. தடயவியலுக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

இந்தியாவுக்கு இந்த விவாதம் அந்நியமானதல்ல. கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் கல்கத்தாவில் பணியாற்றிய அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருக்கும் பெரும் பங்குண்டு. 1897-ல் அங்கே கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. 1901-ல் அந்த முறை ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது; பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையதாயிற்று. உழைத்தவருக்கு உரிய பெருமையும் பகிரப்பட்டால்தான் அறிவுப் பகிர்வு முழுமை பெறும்.

இன்று நம்முன் பெரிய பொறுப்பு நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்படி, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் சென்றாக வேண்டும். மாநிலங்கள் இதற்குத் தயாராக ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை, அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமலேயே சான்றாகக் கொள்ளவும் இச்சட்டம் இடம் தருகிறது. நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைக்கலாம். குறுக்கு விசாரணை இல்லாமலே ஓர் அறிக்கை ஒருவரின் விடுதலையைத் தீர்மானிக்கக்கூடும் என்றால், அதன் பின்னுள்ள சோதனை எவ்வளவு கறாராக இருக்க வேண்டும்!

ஆகவே, ஆய்வகங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. முதல் நிபுணரின் முடிவை அறியாத இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பது கட்டாயமாக வேண்டும். விசாரணை அதிகாரியின் எதிர்பார்ப்பு ஆய்வாளரின் மேசையை எட்டாத அளவுக்கு ஆய்வகங்களுக்குத் தன்னாட்சி வேண்டும். விடை தெரிந்த மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகங்களோடு பரிமாறி நம் திறனைச் சோதித்து, முடிவுகளை வெளியிட வேண்டும். பன்னாட்டுச் சந்திப்புகளுக்கு இயக்குநர்களோடு, நாள்தோறும் நுண்ணோக்கியில் கண் பதிக்கும் இளம் ஆய்வாளர்களும் செல்ல வேண்டும்.

தடயவியல் அறிக்கை எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் அதன் மறுமுனையில் ஒரு மனிதர் நிற்கிறார். மாட்ரிட்டின் மறுப்பைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால், ஓரிகன் வழக்கறிஞர் கைதே ஆகியிருக்க மாட்டார். இன்னொரு நாட்டின் நிபுணர் 'நீங்கள் சொல்வது தவறு' என்னும்போது, கோப்பைத் திறந்து முதலிலிருந்து பார்க்கும் ஆய்வகமே நீதிமன்றத்தின் நம்பிக்கைக்கு உரியது. நம் ஆய்வகங்களை அப்படி வளர்த்தெடுக்க மத்திய, மாநில அரசுகள் இந்த ஐந்தாண்டு அவகாசத்தைப் பயன்படுத்த வேண்டும்.