கரும்புத் தோட்டத்தில் ‘மேலாண்மை’ வகுப்பு

கரீபியன் நாடுகளின் பொதுத்துறை மேலாண்மை பற்றிய அறிமுகப் பாடங்கள் பெரும்பாலும் ஒரே புகார்ப் பட்டியலுடன் தொடங்குகின்றன. ஊழியர் எண்ணிக்கை மிகுதி, பணியில் மந்தம், பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச் சென்ற சிவப்பு நாடா, அரசு நிறுவனங்களின் நட்டம். பரிகாரமும் உடன் வந்துவிடுகிறது: துறைகளை உடைத்துத் தன்னாட்சி முகமைகளாக்குக, தலைமை அதிகாரியை ஒப்பந்தத்தில் அமர்த்துக, குடிமக்களை ‘வாடிக்கையாளர்’ என அழைக்க. நோயும் மருந்தும் இவ்வளவு எளிதாகப் பொருந்துகிறபோது, மருத்துவருக்கு ஊதியம் தருவது யார் என்று கேட்டாக வேண்டும்.

ஜமைக்கா 1990களின் இறுதியில் இம்மருந்தை விழுங்கியது. முகமைகள் அமைந்தன; 2002இல் அவற்றுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. சில அலுவலகங்களில் பணி விரைவுபட்டது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2013இல் சர்வதேச நிதியத்துடன் செய்த ஒப்பந்தத்தின்படி, வட்டிச் செலவு நீங்கலாக, உள்நாட்டு உற்பத்தியில் 7.5 சதவீதத்தை உபரியாகக் காட்ட வேண்டிய கட்டாயம் அந்நாட்டின் மீது விழுந்தது. ஊழியர் ஊதியம் உறைய வைக்கப்பட்டது. செவிலியரும் ஆசிரியரும் கப்பலேறிய தேசத்தில் எந்த முகமை எதை நிர்வகிக்கும்? டிரினிடாட் 1989இல் அரசு ஊழியர் ஊதியத்தில் 10 சதவீதத்தையும், பார்படாஸ் 1991இல் 8 சதவீதத்தையும் வெட்டின. இரு ஆட்சிகளும் அடுத்த தேர்தலில் வீழ்ந்தன. பாடநூல்கள் இதனை ‘சீர்திருத்தத்திற்கு எழும் எதிர்ப்பு’ என்ற தலைப்பில் அடக்கிவிடுகின்றன.

இக்கதையின் முழு உருவம் தெரிவது தென்னமெரிக்கக் கரையிலுள்ள கயானாவில்தான். ‘பிரிட்டிஷ் கயானா’ என்பதைப் ‘புக்கர்ஸ் கயானா’ என்று மக்கள் கேலி செய்யுமளவுக்குப் புக்கர்ஸ் என்னும் லண்டன் நிறுவனம் அந்நாட்டை ஆண்டது. 1838 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டோர் அதன் கரும்புக் காட்டில் உழைத்தனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் அவர்களில் உண்டு. 1948 ஜூன் 16 அன்று என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் ஐவரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. 1953இல் வாக்குகளால் வென்ற செத்தி ஜகனின் இடதுசாரி அரசை, 133 நாட்களில், அரசியல் சட்டத்தையே முடக்கி பிரிட்டன் வெளியேற்றியது.

புக்கர்ஸ் 1976இல் நாட்டுடைமையானது. கயானா சர்க்கரைக் கழகம் பிறந்தது. ஏகாதிபத்தியத்துக்கு விழுந்த அடி அது. ஆயினும், நாட்டுடைமையாக்கிய பர்ன்ஹாம் ஆட்சி 1974இலேயே அரசுக்கு மேலானது கட்சி என்று அறிவித்து, அலுவலகங்களைத் தன் ஆட்களால் நிரப்பத் தொடங்கியிருந்தது. சர்க்கரை விலை உச்சத்திலிருந்த ஆண்டுகளில் கிடைத்த ஆதாயத்தை அரசு வரியாக எடுத்துக்கொள்ள, அதில் தமது பங்கைக் கேட்டுத் தொழிலாளர் 1977இல் 135 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ‘மக்கள் உடைமை’ எனப் பெயர் பூண்ட நிறுவனம் கருங்காலிகளைக் கொண்டு கரும்பு வெட்டியது. இதே ஆட்சிக்கு ஜகனின் கட்சி 1975இல் ‘விமர்சனத்துடன் கூடிய ஆதரவு’ தந்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. உரிமைப் பத்திரம் கைமாறினால் போதும், உற்பத்தியைக் கட்டுப்படுத்துவோர் யார் என்பது பிறகு பார்த்துக்கொள்ளத்தக்கது என்ற மயக்கம் இடதுசாரிகளிடமும் இருந்திருக்கிறது. வலதுசாரி விமர்சகனுக்கு ஆயுதம் எடுத்துத் தந்தது அம்மயக்கமே.

அந்த ஆயுதம் 1989இல் பயன்பட்டது. சர்வதேச நிதியத்தின் மேற்பார்வையில் ‘பொருளாதார மீட்புத் திட்டம்’ வந்தது. மறு ஆண்டே சர்க்கரைக் கழகத்தை நிர்வகிக்கும் ஒப்பந்தம் புக்கர் டேட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விரட்டப்பட்ட பழைய எசமானர், ஓர் ஏக்கர் நிலமும் சொந்தமில்லாமல், நட்டத்தில் ஒரு காசும் சுமக்காமல், கட்டணம் பெறும் மேலாளராகத் திரும்பினார். மேலாண்மை இயலின் அறிமுகப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதல் அத்தியாயம் கிடைக்காது.

சர்க்கரைத் தொழில் சரிந்தது சோம்பலால் என்போர், 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சர்க்கரைக் கொள்முதல் விலையைப் படிப்படியாக 36 சதவீதம் வெட்டியதைச் சொல்வதில்லை. அந்தச் சந்தையை நம்பித்தான் முந்நூறு ஆண்டுகளாக அந்நிலம் கரும்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 18 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு 2009இல் திறந்த ஸ்கெல்டன் ஆலை திட்டமிட்ட உற்பத்தியை எட்டவேயில்லை. அதற்கு ஆட்சியாளரும் ஒப்பந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னது வேறு யாரோ. வேல்ஸ் தோட்டம் 2016 இறுதியிலும், ஸ்கெல்டன், ரோஸ் ஹால், என்மோர் ஆகியவை 2017இலும் மூடப்பட்டன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஐவர் உயிர்நீத்த என்மோரும் அதில் அடங்கியது.

பணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அதே 2017 டிசம்பரில்தான் எக்ஸான் மொபில் நிறுவனத்துடன் முந்தைய ஆண்டு செய்த எண்ணெய் ஒப்பந்தம் வெளியிடப்பட்டது. உரிமைத்தொகை 2 சதவீதம். உற்பத்தியில் 75 சதவீதம் வரை நிறுவனம் தன் செலவுக்கென முதலில் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சியதில் பாதிதான் நாட்டுக்கு. ஒப்பந்தக் கையெழுத்துக்காக அந்நிறுவனம் கொடுத்த 1.8 கோடி டாலர், நாடாளுமன்றத்தின் கண்ணில் படாமல், பொது நிதிக்கு வெளியே மத்திய வங்கியின் தனிக் கணக்கில் கிடந்ததும் அம்மாதமே அம்பலமானது. கரும்பு வெட்டுவோரின் கூலியைப் பைசா பைசாவாகக் கணக்கிட்ட நிதி ஒழுக்கம் அந்தக் கணக்கின் வாசலில் நின்றுகொண்டிருந்தது.