செல்போன் மரியாதைக்கு யார் வாத்தியார்?

நம்ம நாட்டுல செல்போன்ல இன்கமிங் இலவசமானது 2003-லதான். அதுவரைக்கும் கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. சுருக்கமா பேசணும்னு பில்லே பாடம் நடத்துச்சு. இப்போ 28 நாளைக்கு ஒரு ரீசார்ஜ், எவ்வளவு பேசினாலும் அதே காசு. பஸ்ல ஸ்பீக்கர் போட்டு ரீல்ஸ் பார்க்கிற பத்தாம் வகுப்புத் தம்பிக்குச் செலவே இல்லை. செலவெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் காதுக்கு! காமர்ஸ் படிக்கிறவன் கணக்கு இது.

போனைப் பிடுங்கி வச்சா திருந்திடுவாங்களா? திருப்பிக் கொடுத்ததும் பழைய கதைதான். ஹெட்செட் போடு, போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கேளு, சாப்பிடும்போது போனை ஓரமா வை. இதையெல்லாம் பெரியவங்க முதல்ல செஞ்சு காட்டணும். சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வாட்ஸ்அப் பார்க்கிற அப்பா சொன்னா எந்தப் பிள்ளை கேட்கும்?

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?