முதலில் பூனையைக் குதிக்க வையுங்கள்

“டீச்சர், மைன்கிராஃப்ட் மாதிரி ஒரு விளையாட்டு செய்யணும், எங்கே தொடங்குறது?” படிவம் 1 மாணவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால், அவ்வளவு பெரிதாகத் தொடங்கினால் பாதியிலேயே நின்றுபோகும். முதல் விளையாட்டுக்கு ஓர் உருவமும் ஒரு செயலும் போதும் என்பது என் கருத்து. வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2013-இல் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்ட் உலகமெங்கும் பரவியது. அதில் இருந்தவை ஒரு பறவை, சில குழாய்கள், விரலால் ஒரு தட்டல், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு ஸ்கிராட்ச் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்ட இந்த மென்பொருள் இலவசம். பல நூறு ரிங்கிட் கட்டி விடுமுறை வகுப்பில் சேரவேண்டிய அவசியமில்லை. வீட்டில் கணினி இல்லையென்றால் பள்ளியின் கணினி அறையைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

ஸ்கிராட்ச்சைத் திறந்ததும் ஒரு பூனை நிற்கும். அதைக் குதிக்க வையுங்கள். பலரும் ‘பத்து முறை மேலே, பத்து முறை கீழே’ என்று கட்டளை கொடுக்கிறார்கள். பூனை மின்தூக்கியில் ஏறி இறங்குவதுபோல் இருக்கும்! மேலே எறிந்த பந்து அப்படியா போகிறது? வேகம் குறைந்துகொண்டே போய், உச்சியில் ஒரு கணம் சுழியமாகி, பிறகு கீழ்நோக்கிக் கூடுகிறது.

ஆகவே ‘வேகம்’ என்று ஒரு மாறியை உருவாக்குங்கள். குதிக்கும்போது அதன் மதிப்பு 12. ஒவ்வொரு சுற்றிலும் பூனையின் உயரத்தோடு வேகத்தைக் கூட்டுங்கள். பிறகு வேகத்திலிருந்து 1 கழியுங்கள். பூனை 12, 11, 10 என ஏறி, 78 அலகு உயரத்தைத் தொட்டுத் திரும்பும். தரைக்கு வந்ததும் வேகத்தைச் சுழியமாக்க வேண்டும். மறந்தால் திரையின் அடிவிளிம்பில் போய் முட்டிக்கொள்ளும்.

நீங்கள் கழித்த அந்த 1-தான் ஈர்ப்பு முடுக்கம். படிவம் 4 இயற்பியலில் இது 9.81 என்று வரும். அந்த 1-ஐ 0.5 ஆக்கினால் உயரம் 150. நிலவை நினைத்து ஆறில் ஒரு பங்காக்கினால் 438. ஸ்கிராட்ச் திரையின் உயரமே 360 அலகுதான்!

காணொளியைப் பார்த்து வரிக்கு வரி நகலெடுத்தால் இந்த வேடிக்கை கிடைக்காது. எண்ணை நீங்களே மாற்றவேண்டும், கெடுக்கவேண்டும், சரிசெய்யவேண்டும். (பெற்றோரே, பிள்ளை விளையாடும் நேரத்தையும் விளையாட்டு செய்யும் நேரத்தையும் ஒரே கணக்கில் சேர்த்துத் திட்டாதீர்கள்.)

முடித்ததும் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுங்கள். எதையும் விளக்காமல், வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்த இடத்தில் சலித்துப்போய் எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நீங்கள் மாற்றவேண்டிய இடம் அதுதான்.