ஓராண்டாவது உடன் நடப்போம்



2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். சாதியின் பெயரால் தமக்கு நேர்ந்த தொல்லையை அம்மாணவர் பள்ளியில் முறையிட்டதே இதற்குக் காரணம். இதையடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வளரிளம் பருவத்தினர் மனம்திறந்து பேச நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் வேண்டும். கேட்டதை எப்படிக் கையாள்வது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்குநேரி நமக்குச் சொல்லும் பாடம் இது.

2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் உயர்கல்விக்கும் வேலைக்கும் வழிகாட்டுகிறது. ஆனால், பெற்றோர் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்கு ஷிப்டு வேலைக்குச் சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் பிள்ளையிடம், “ஏம்பா, இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை?” என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டுமே!

நாம் என்ன செய்கிறோம்? ஒருநாள் முகாம், பேனர், பொன்னாடை, குழுப் புகைப்படம். அத்தோடு சரி.

அமெரிக்காவில் 1904 முதல் பிள்ளைகளுக்கு ‘அண்ணன், அக்கா’வாகப் பெரியவர்களை இணைத்துவரும் அமைப்பு ஒன்று உண்டு. 1995-ல் வெளிவந்த ஆய்வின்படி, அவ்வாறு இணைக்கப்பட்ட பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடுவது 46 விழுக்காடு குறைந்தது. அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவே அதிகப் பலன் தந்தது. மூன்று மாதத்திற்குள் முறிந்தபோதோ, பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளையை நாமும் பாதியில் விடுவது பெருந்தீங்கு.

எனவே, ஜூனில் பள்ளி திறக்கும்போது சிலவற்றை உறுதிசெய்வோம். ஒரு வழிகாட்டிக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் போதும். வாரம் ஒருமணி நேரம், பள்ளி வளாகத்திலேயே, பிறர் பார்வை படும் இடத்தில் சந்திக்கட்டும். பெற்றோர், தலைமையாசிரியர் ஒப்புதல் கட்டாயம். வழிகாட்டியின் பின்னணியை விசாரித்தபின்பே பொறுப்புத் தரவேண்டும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கலாகாது. பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். வழிகாட்டிகளை மாதந்தோறும் கூட்டிப்பேச ஒரு பொறுப்பாளரும் வேண்டும்.

நம் பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். முப்பது பேர் வேண்டாம். அடுத்த ஏப்ரல்வரை வருவோம் என்று உறுதிதரும் மூன்றுபேர் போதும், தொடங்கலாம்.